கண்டியைச் சுற்றிப் போகும் வழி: ஏ9 வீதியும் மடவளையும் நாகசாகியும்

ஏ9 வீதி யாழ்ப்பாணத்தில் முடிகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பலர் வவுனியா என்பார்கள், சிலர் ஓமந்தை என்பார்கள். அந்த வீதியைச் சோதனைச் சாவடிகளால் அளந்தே பழகியவர்கள் நாம். உண்மையில் ஏ9 தொடங்குவது கண்டியில். கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று 320 கிலோமீற்றருக்கும் மேல் ஓடித்தான் அது யாழ்ப்பாணத்தைத் தொடுகிறது. கிழக்கே செங்கலடிக்குப் போகும் ஏ5 வீதி கண்டியின் வாசலான பேராதனையில் தொடங்குகிறது. மஹியங்கனைக்குப் போகும் ஏ26 கண்டியிலும், புத்தளத்துக்குப் போகும் ஏ10 கட்டுகஸ்தோட்டையிலும் தொடங்குகின்றன. வடக்குக்கும் கிழக்குக்கும் வடமேற்குக்கும் போகும் பாதைகள், மலைகளுக்கு நடுவிலுள்ள ஒரு சின்ன நகரத்தில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன.

நான் வன்னியில் வளர்ந்தவன். தொழில் காரணமாக இப்போது மடவளையில் வசிக்கிறேன். கண்டி நகரத்துக்குள் போகாமல் அதைச் சுற்றிப் போக விரும்பும் வாகனங்கள் எங்கள் ஊர்ப் பாதையால் போவதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். கண்டிக்கு முறையான புறவழி வீதி இன்னும் இல்லை. ஆனால் புறவழி வீதி செய்ய வேண்டிய வேலையை மடவளை போன்ற ஊர்கள் பல ஆண்டுகளாகச் செய்து வருகின்றன. அது ஏன், அதற்கும் போருக்கும் என்ன தொடர்பு, வேறு நாட்டு மலை நகரம் ஒன்று இதே சிக்கலை எப்படிக் கையாண்டது, நாளை இங்கு வீதி வந்தால் காணி வைத்திருப்பவர்கள் எதை அறிந்திருக்க வேண்டும் என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மலையும் ஆறும் கட்டிய மதில்

கண்டி இராசதானியின் அரசர்கள் இந்த இடத்தைத் தெரிவு செய்ததற்கான காரணமே, அதற்குள் நுழைவது கடினம் என்பதுதான். நகரத்தைச் சுற்றி மலைகள். அந்த மலைகளுக்கு வெளியே மகாவலி கங்கை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைந்து ஓடுகிறது. பேராதனை, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்ல, தென்னகும்புர என்று ஆற்றைத் தொடர்ந்து போனால் நகரத்தை முக்கால் சுற்றுச் சுற்றியிருப்போம். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரு பாலத்தையோ ஒரு கணவாயையோ கடந்துதான் உள்ளே வர வேண்டும்.

போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் தடுத்து நிறுத்திய அதே நில அமைப்பு இன்று பஸ்ஸையும் லொறியையும் நிறுத்துகிறது. 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கடுகண்ணாவை மலையை வெட்டிக் கொழும்பு வீதியைப் போட்டார்கள். அன்று படைகளும் பின்னர் கோப்பியும் தேயிலையும் போவதற்கு அது போதுமாக இருந்தது. இன்று அதே தடத்தில் ஒரு மாகாணத்தின் தலைநகரத்துக்குரிய அத்தனை வாகனங்களும் வருகின்றன.

நகரத்துக்குள் வீதியை அகலமாக்குவதும் இலகுவல்ல. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் 1807இல் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் கட்டுவித்த ஏரி. 1988இல் யுனெஸ்கோ கண்டியை உலக மரபுரிமை நகரமாக அறிவித்தது. பழைய கட்டடங்களை இடித்து வீதி போட முடியாது, போடவும் கூடாது. அப்படியானால் மீதியாக இருக்கும் வழி ஒன்றுதான்: நகரத்தில் வேலை இல்லாத வாகனங்களை நகரத்துக்குள் வரவிடாமல் வெளியே திருப்புவது. புறவழி வீதி என்பதன் பொருள் அதுவே.

1998 மூடிய வீதி

1998 ஜனவரி 25ஆம் திகதி அதிகாலை தலதா மாளிகையின் முன்பாக விடுதலைப் புலிகளின் வெடிமருந்து லொறி வெடித்தது. பொதுமக்கள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். மாளிகையின் முகப்பும் சுற்றியிருந்த கட்டடங்களும் சிதைந்தன. சில நாட்களில், பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திரத்தின் 50ஆவது ஆண்டு விழா கண்டியில் நடக்கவிருந்தது. அது கொழும்புக்கு மாற்றப்பட்டது. விடுதலைப் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டதும் அந்தத் தாக்குதலை அடுத்துத்தான். இவை வரலாற்று நூல்களில் இருக்கின்றன.

அவ்வளவாகப் பேசப்படாதது, மாளிகைக்கு முன்னால் போகும் தலதா வீதி அன்றோடு வாகனங்களுக்கு மூடப்பட்டது என்பது. நகரின் மத்தியிலிருந்து கிழக்கே தென்னகும்புர, திகன, மஹியங்கனைப் பக்கம் போவதற்கு ஏரியின் வடகரையிலிருந்த நேர்வழி அதுதான். அது மூடப்பட்டதும் கிழக்கே போகும் வாகனங்கள் ஏரியின் தென்கரையைச் சுற்றி சங்கராஜ மாவத்தை வழியாகப் போக வேண்டியதாயிற்று. போர் 2009இல் முடிந்தது. வீதியைத் திறக்க வேண்டும் என்று வர்த்தகர்கள் பல தடவை கேட்டார்கள். மாளிகையின் பாதுகாப்பும் அமைதியும் முக்கியம் என்று மதத் தலைவர்கள் மறுத்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் மூடிய வீதிக்கு ஈடாகப் புதிய வழி ஒன்றைக் கட்டவில்லை என்பதே இங்குள்ள குறை.

நம்மில் பலருக்கு இந்தக் கதை புதிதல்ல. பலாலிப் பக்கத்து வீதிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுப் பல பத்தாண்டுகள் கிடந்தன. வசாவிளான்–பலாலி வீதி மக்களுக்காக 2025 ஏப்ரலில்தான், அதுவும் நேரக் கட்டுப்பாட்டோடு, திறக்கப்பட்டது. கண்டியில் மூடப்பட்டது சில நூறு மீற்றர் வீதி. அங்கே மூடப்பட்டவை முழு ஊர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் ஒன்று பொது: வீதி மூடப்படுவது ஒரு நாளில் நடந்துவிடுகிறது. அதனால் வரும் சுற்றுப்பாதையை ஒரு தலைமுறையே நடந்து தீர்க்க வேண்டியிருக்கிறது.

மாற்றுவழி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனையிறவால் போக முடியாத காலத்தில் கொம்படி–ஊரியான் சேற்றுக்குள் சைக்கிளைத் தூக்கி நடந்தவர்களும் கிளாலிக் கடலில் இரவில் படகேறியவர்களும் இதை வாசிப்பவர்களுக்குள் இருப்பார்கள். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் திறந்த ஏ9, 2006 ஆகஸ்டில் முகமாலையில் மறுபடி மூடப்பட்டபோது யாழ்ப்பாணம் கப்பலையும் விமானத்தையும் நம்பி நின்றது. ஒரே வழியில் தங்கியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அனுபவத்தில் படித்தவர்கள் நாம்.

மடவளை செய்யும் வேலை

மடவளை கண்டி மாவட்டத்தின் பாததும்பறைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள ஊர். தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் நிறைந்த பஸார். சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள். வத்தேகமப் பக்கம் தோட்டங்களும் தமிழ்க் குடும்பங்களும். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் வீதி எங்கள் பஸாரைக் கடந்து வத்தேகம போகிறது. அங்கிருந்து உக்குவளை ஊடாக மாத்தளையில் ஏ9ஐ மறுபடி பிடிக்கலாம். மற்றப் பக்கம் மெனிக்ஹின்ன வழியாகப் போனால் நகரத்துக்குள் நுழையாமலே கண்டி–மஹியங்கனை வீதியில் ஏறலாம்.

அதாவது ஏ9, ஏ26 இரண்டுக்கும் நடுவில் மடவளை ஒரு கொக்கிபோல இருக்கிறது. குருணாகல் பக்கமிருந்து வந்து திகனவுக்குப் போகும் லொறிக்கு, ஏரியைச் சுற்றும் நெரிசலில் நிற்பதைவிட எங்கள் பஸாரைக் கடப்பது இலாபம். அக்குறணையில் பிங்கா ஓயா பெருகி ஏ9 வெள்ளத்தில் மூழ்கும் நாட்களில் மாத்தளைக்குப் போகிறவர்களும் இந்தப் பக்கம் திரும்புகிறார்கள்.

ஆனால் இது புறவழி வீதியாகக் கட்டப்பட்டதல்ல. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் மாட்டுவண்டியும் பஸ்ஸும் போன பாதை. இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய வளைவுகள் உண்டு. கடை வாசலே வீதி விளிம்பு. பாடசாலை விடும் நேரத்திலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும் நேரத்திலும் தூர இடத்து லொறியும் பிள்ளைகளும் ஒரே தார்த்துண்டைப் பங்குபோடுகிறார்கள். நடைபாதை பல இடங்களில் இல்லை. தூரப் பயணிக்கு மிச்சமாகும் அரை மணித்தியாலத்துக்கான விலையைப் புகையாகவும் சத்தமாகவும் விபத்துப் பயமாகவும் ஊரவர்கள் கொடுக்கிறார்கள்.

வழிகள் மூடுவதன் இன்னொரு முகத்தையும் இந்தப் பிரதேசம் கண்டிருக்கிறது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கத்தில் தொடங்கிய முஸ்லிம் எதிர்ப்பு வன்முறை கண்டி மாவட்டத்தின் வேறு ஊர்களுக்கும் பரவியது. கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்கும் நாடு முழுவதற்குமான அவசரகால நிலையும் வந்தன. நாளாந்தம் போய்வரும் வீதியே போக அஞ்சும் வீதியாகிவிடும் நிலை வடக்கு கிழக்கில் மட்டும் வந்ததல்ல.

நாகசாகி காட்டும் பாடம்

கண்டியைப் போல மலைகள் நெருக்கும் நகரங்கள் வேறும் உண்டு. ஜப்பானின் நாகசாகி அவற்றில் ஒன்று. 1571இல் போர்த்துக்கேய வணிகத்துக்காகத் திறந்த துறைமுகம் அது. ஒரு நீண்ட குடாவின் இரு கரையிலும், மலைச்சரிவுகளிலும் வீடுகள் படிபடியாக ஏறியிருக்கின்றன. 1945 ஆகஸ்ட் 9ஆம் திகதி காலை 11.02க்கு அமெரிக்கா போட்ட அணுகுண்டு அந்த நகரின் உரகாமிப் பள்ளத்தாக்கை எரித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 74,000 பேர் இறந்தார்கள். இடையிலிருந்த மலைகள் மறைத்ததால் பழைய நகரின் ஒரு பகுதி முழு அழிவிலிருந்து தப்பியது.

கிழக்கிலிருந்து நாகசாகிக்குள் வரும் பிரதான வீதி 34ஆம் இலக்கத் தேசிய வீதி. அது ஹிமி என்ற மலைக்கணவாயைத் தாண்டி நகரின் மத்தியில் இறங்குகிறது. துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் வளர வளர அந்த ஒரு கணவாய் போதாமல் போனது. 1967இல் ‘நாகசாகி பைபாஸ்’ என்ற கட்டண வீதி திறக்கப்பட்டது. இசஹாயா நகரின் தராமிப் பக்கத்தில் பிரிந்து, மலைகளைச் சுரங்கங்களால் கடந்து, நாகசாகியின் வடபகுதிக்கு அது வருகிறது. வடபகுதியில் வேலையுள்ளவர்கள் நகர மத்திக்கு வந்து திரும்பிப் போக வேண்டியதில்லை.

அந்த வேலை எப்படிச் சாத்தியமாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். போரில் தோற்ற ஜப்பானிடம் அன்று பணம் இல்லை. 1956இல் ஒரு பொது நெடுஞ்சாலைக் கூட்டுத்தாபனத்தை அமைத்தார்கள். கடன் வாங்கி வீதி கட்டுவது, பாவிப்பவர்களிடம் கட்டணம் எடுத்துக் கடனை அடைப்பது என்பது அதன் முறை. நாட்டின் முதல் அதிவேக வீதிக்கு உலக வங்கியிடம்கூடக் கடன் வாங்கினார்கள். 1990இல் அந்த வங்கிக் கடன்கள் எல்லாவற்றையும் அடைத்து முடித்தார்கள். அந்தக் கூட்டுத்தாபனம் 2005இல் பல கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டது. நாகசாகி பைபாஸை இன்று அவற்றில் ஒன்று நடத்துகிறது.

ஒரு வழி கட்டியதோடு அவர்கள் நிறுத்தவில்லை. 1982 ஜூலை 23ஆம் திகதி இரவு நாகசாகியில் பெருமழை கொட்டியது. அயலிலுள்ள நாகயோவில் ஒரு மணித்தியாலத்தில் 187 மில்லிமீற்றர் பதிவானது. மண்சரிவிலும் வெள்ளத்திலும் 299 பேர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். மலையோர வீதிகள் அறுந்தன. அதன் பிறகும் வழிகள் கூடின: 1999இல் ஹிமிக்கு ஒரு புதிய புறவழி, 2004இல் நகர் வரை நீண்ட அதிவேக வீதி. பழைய கணவாய், 1967 பைபாஸ், புதிய புறவழி, அதிவேக வீதி என்று ஒன்று அடைத்தால் இன்னொன்று உண்டு.

கண்டிக்கும் இது பொருந்தும். 2025 நவம்பரில் கடுகண்ணாவைக்குக் கீழே மண் சரிந்து உயிர்கள் போயின, கொழும்பு–கண்டி வீதி மூடப்பட்டது. அந்த மாத இறுதியில் வந்த டித்வா புயல் கண்டி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. நெரிசலைக் குறைப்பது மட்டுமல்ல, நோயாளியையும் உணவையும் கொண்டுபோக இரண்டாவது வழி இருப்பதும் புறவழி வீதியின் பயன் என்று அந்த நாட்கள் காட்டின.

வருவதாகச் சொல்லப்பட்டவை

கண்டிக்குத் திட்டங்களுக்குக் குறைவில்லை. நகரத்துக்கு அடியால், சுதுஹும்பொலவிலிருந்து தென்னகும்புர வரை சுரங்க வீதி அமைக்கும் யோசனை கொரிய நிதியை எதிர்பார்த்துப் பேசப்பட்டது. ஜப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு முகவரகமான ஜெய்க்கா, பெருங்கண்டிக்கான நகரத் திட்டம் ஒன்றைத் தயாரிப்பதற்கு உதவியது. மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் ஒரு கிளை பொத்துஹெரவிலிருந்து கலகெதர வரை வர வேண்டும். அந்த நெடுஞ்சாலையில் மீரிகம–குருணாகல் பகுதி மட்டும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்ததும் மற்ற வேலைகள் நின்றன. கடவத்தை–மீரிகம பகுதியின் வேலை 2025இல்தான் மறுபடி தொடங்கியது.

இதில் மடவளையில் இருந்து பார்த்தால் தெரியும் ஒரு விடயம் உண்டு. கலகெதர, கட்டுகஸ்தோட்டையிலிருந்து போகும் ஏ10 வீதியில் இருக்கிறது. அதிவேக வீதி அங்கே வந்து இறங்கினால், வேகமாக வந்த வாகனங்கள் எல்லாம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில்தான் குவியும். அங்கிருந்து கிழக்கே போகிறவர்கள் எங்கள் பாதைக்கே திரும்புவார்கள். பெரிய வீதி ஒன்றின் முடிவுக்கு அப்பால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துத் திட்டமிடாவிட்டால், நெரிசல் தீராது, இடம் மாறும்.

ஜப்பானிய உதவி என்றால் வடக்கு கிழக்குக்கும் அறிமுகம் உண்டு. போரில் தகர்ந்த மன்னார்ப் பாலத்தின் இடத்தில் 2010இலும், மட்டக்களப்பில் ஒற்றைத் தடப் பழைய கல்லடிப் பாலத்தின் அருகில் 2013இலும் ஜப்பானிய நிதியோடு புதிய பாலங்கள் வந்தன. கல்லடியில் ஒரு பக்க வாகனங்களை நிறுத்தி மறுபக்கத்தை விட்ட காலம் அதோடு முடிந்தது. இரண்டாவது வழி ஒன்று அன்றாட வாழ்க்கையை எவ்வளவு மாற்றும் என்பதை அந்த மக்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

காணிக்காரர் அறிந்திருக்க வேண்டியது

வீதி வருவதற்கு முன்னர் நில அளவையாளர் வருவார். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படிதான் அரசு தனியார் காணியைப் பொதுத் தேவைக்கு எடுக்க முடியும். வலிகாமம் வடக்கு மக்களுக்கு இந்தச் சட்டம் நன்கு தெரியும். 2013இல் 6,381 ஏக்கரை எடுக்கப் போவதாக ஒட்டப்பட்டது இதே சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல்தான். சட்டம் ஒன்றே, எந்தத் தேவைக்குப் பாவிக்கப்படுகிறது என்பதே வேறு.

2ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் காணி போய்விட்டது என்று அர்த்தமில்லை. காணி பொருத்தமா என்று பார்க்க அதிகாரிகள் உள்ளே வரலாம் என்பதே அதன் பொருள். 4ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபனை கேட்கப்படும். எழுத்தில் சொல்ல வேண்டிய இடம் அது. அந்தத் தவணையைத் தவறவிடக்கூடாது. 5ஆம் பிரிவில் அரசு எடுப்பதாக வெளிப்படுத்தும். 7ஆம் பிரிவில் உரிமை கோருவோர் அழைக்கப்படுவர், 9ஆம் பிரிவில் விசாரணை நடக்கும், 10ஆம் பிரிவில் உரிமை தீர்மானிக்கப்படும், 17ஆம் பிரிவில் நட்டஈட்டுத் தொகை சொல்லப்படும். 38ஆம் பிரிவின் (அ) காப்புவாசகம் அவசரம் என்று சொல்லி நட்டஈடு முடிவாகும் முன்னரே காணியைக் கையேற்க இடமளிக்கிறது. அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இதில் தனியான சிரமம் உண்டு. உறுதி தொலைந்திருக்கும், உரித்தாளர்கள் நாலு நாட்டில் இருப்பார்கள், காணி பாட்டனின் பெயரிலேயே இருக்கும். 10ஆம் பிரிவுத் தீர்மானம் அப்படியான இடங்களில்தான் இழுபடுகிறது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து வைப்பது, பங்குகளை எழுத்தில் தீர்த்து வைப்பது ஆகிய இரண்டையும் அறிவித்தல் வரும்வரை தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. 2001இல் ஏற்கப்பட்ட கட்டாய மீள்குடியேற்றத்துக்கான தேசியக் கொள்கை, காணியின் விலையோடு இழந்த தொழிலும் கணக்கில் வர வேண்டும் என்ற பக்கம் நிற்கிறது. கூலிக் கடை நடத்துபவருக்கும் வீதியோர வியாபாரிக்கும் அது முக்கியம்.

மடவளை பஸார்க் கடைக்காரர்களிடம் புறவழி வீதி பற்றிப் பேசினால் இரண்டு மனதாகப் பேசுகிறார்கள். வாகனம் வெளியால் போனால் நிம்மதி என்கிறார்கள். வாகனம் நிற்காவிட்டால் வியாபாரம் எங்கே என்றும் கேட்கிறார்கள். இரண்டும் சரி. இருக்கிற பாதையை அகலமாக்கினால் கடை முகப்புகள் போகும். வயலாலும் மலையோரத்தாலும் புதிதாகப் போட்டால் வேறு யாருடையவோ காணி போகும். புதிய வீதியின் இரு கரையிலும் கண்டபடி கடை கட்ட விட்டால் பத்து ஆண்டில் அதுவும் இன்னொரு பஸாராகிவிடும். நாகசாகி பைபாஸில் குறித்த இடங்களில் மட்டும்தான் ஏறி இறங்கலாம். அதனால்தான் அது இன்னும் புறவழியாகவே இருக்கிறது.

எனவே கேட்க வேண்டியது, கண்டிக்குப் புறவழி வேண்டுமா என்பதல்ல. புறவழி ஏற்கனவே இருக்கிறது. அதன் செலவை எங்கள் ஊர்கள் கணக்கில்லாமல் கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செலவை அரசு தன் கணக்கில் எழுதுமா, எழுதும்போது மடவளை, மெனிக்ஹின்ன, வத்தேகம மக்களைக் கூப்பிட்டு அவர்களின் மொழியில் கேட்குமா என்பதே கேள்வி. தமிழில் அறிவித்தல் ஒட்டாத, தமிழில் ஆட்சேபனையை ஏற்காத எந்தத் திட்டமும் இந்தப் பக்கத்தில் பாதி மக்களுக்குத் தெரியாமலே நிறைவேறிவிடும். அடுத்த முறை நில அளவைத் தடிகள் வீதியோரத்தில் நடப்படும்போது, 4ஆம் பிரிவு ஆட்சேபனைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் கேட்டு எழுதி வையுங்கள்.